தூங்கும்போதும் காசு வருமா? மண்டபத்துக் கடையிலிருந்து

ஏப்ரல் 15 வந்துவிட்டால் எங்கள் பக்கம் விசைப்படகுகள் எல்லாம் நங்கூரம் போட்டு நின்றுவிடும். ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். மண்டபத்தில் நான் நடத்தும் ஜெராக்ஸ், ஆன்லைன் கடைக்கு அந்த மாதங்களில் இரண்டு வகை ஆட்கள் வருவார்கள். நிவாரணத்துக்கு ஆதாரும் பாஸ்புக்கும் நகல் எடுக்க வருகிறவர்கள் ஒரு வகை. இன்னொரு வகை, அவர்களுடைய பிள்ளைகள். செல்போனை மேசையில் வைத்து, 'ஆட்டோ பிளாக்' என்கிற தானாகவே ஓடும் வலைப்பூவைப் பற்றி ஒரு வீடியோவை ஓடவிடுவார்கள். "அண்ணே, இதப் பாருங்க. ஒரு தடவ செட் பண்ணிட்டா போதுமாம். அதுவே எழுதிக்குமாம், அதுவே போட்டுக்குமாம், மாசாமாசம் டாலர்ல வருமாம். நமக்கும் ஒண்ணு செஞ்சு குடுங்கண்ணே."

செய்து கொடுப்பேன். கடை வேலையில் பாதி இப்போது அதுதான். எனக்கே சொந்தமாக இரண்டு வலைப்பூக்கள் ஓடுகின்றன. ஒன்று ராமேஸ்வரம் வருகிறவர்களுக்கான பயணத் தகவல்; மற்றொன்று அமாவாசை, தர்ப்பணம், தீர்த்தம் சம்பந்தப்பட்டது. இரண்டிலும் பாதிக்கு மேல் வேலை தானாகத்தான் நடக்கிறது. அதனால் இதெல்லாம் ஏமாற்று என்று ஒரே வார்த்தையில் யாரையும் திருப்பி அனுப்ப மாட்டேன். எதைத் தானாக ஓடவிடலாம், எதில் கையை எடுக்கவே கூடாது என்பதில் மட்டும் நான் கொஞ்சம் கறார்.

முதலில் அந்த வீடியோக்களில் விற்கும் சரக்கைப் பிரித்துப் பார்த்துவிடுவோம். தளத்தின் பெயராக ஒரு டொமைன், தளம் குடியிருக்க ஒரு மலிவு ஹோஸ்டிங், அதில் தளம் கட்டுவதற்கான வேர்ட்பிரஸ், அதன்மேல் பிளகின் என்று ஒரு கூடுதல் நிரல். அந்தப் பிளகின், மற்ற தளங்கள் தங்கள் புதுப் பதிவுகளைப் பட்டியலிட்டுத் தரும் ஆர்எஸ்எஸ் ஓடை வழியாகப் புதுச் செய்திகளை மணிக்கொரு தரம் இழுக்கும். இழுத்ததை மாற்றி எழுதும். முன்பு ஒரு சொல்லுக்குப் பதில் இன்னொரு சொல்லைப் போட்டு ஒப்பேற்றினார்கள்; இப்போது ஏஐக்கு அனுப்பித் திருப்பி எழுத வைக்கிறார்கள். எங்கிருந்தோ ஒரு படத்தை ஒட்டி, வெளியிட்டு, ஃபேஸ்புக்குக்கும் டெலிகிராமுக்கும் இணைப்பைத் தள்ளிவிடும். நடுநடுவே கூகுள் தரும் ஆட்சென்ஸ் விளம்பரம். கூடவே பொருள் விற்றால் கமிஷன் தரும் இணைப்புகள் சில. இவ்வளவுதான் சங்கதி. பழகின ஆளுக்கு ஒரு மதியப் பொழுது வேலை. இதற்கு ஆயிரக்கணக்கில் வாங்கிக்கொண்டு 'ரகசிய முறை' என்று விற்பவர்கள் தூங்கும்போதும் சம்பாதிக்கிறார்கள் என்பதை மறுக்க மாட்டேன். வீடியோவில் சொல்லும் வழியில் அவர்கள் சம்பாதிக்கவில்லை, அவ்வளவுதான்.

தங்கச்சிமடத்தில் எனக்கு மாப்பிள்ளை முறையான ஒரு பையன் இருக்கிறான். அவன் அப்படி ஒரு வகுப்புக்குப் பணம் கட்டி, தளமும் போட்டுவிட்டு, "மாமா, ஒண்ணுமே வரல, என்னன்னு பாருங்க" என்று லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்தான். திறந்து பார்த்தேன். கனடாவில் வீட்டுக் கடன் வாங்குவது எப்படி, சிறந்த பத்து ஏர் ஃபிரையர்கள், சர்க்கரை நோய்க்கு ஏழு பழங்கள், அதற்குக் கீழே ராமேஸ்வரம் செல்வது எப்படி. சந்தைக்கு வந்த எல்லாப் பெட்டியையும் ஒரே ஐஸ் பெட்டிக்குள் கொட்டியது மாதிரி இருந்தது.

அவனுடைய முதல் புகார், காலை ஒன்பது மணிக்கு வர வேண்டிய பதிவு சாயங்காலம் வரை வரவில்லை, சில நாள் வருவதே இல்லை என்பது. இது பலருக்கும் நடக்கும் கோளாறு. வகுப்பில் யாரும் சொல்லித் தருவதில்லை. வேர்ட்பிரஸுக்குள் இருக்கும் நேர அட்டவணை தானாக ஓடுவதில்லை. யாராவது தளத்தைத் திறக்கும்போதுதான் பாக்கி வேலை ஏதாவது உண்டா என்று அது பார்க்கும். ஆளே வராத தளத்தில் அது எழும்பவே எழும்பாது. அதை நிறுத்திவிட்டு, ஹோஸ்டிங்கின் கட்டுப்பாட்டுப் பக்கத்தில் கிரான் என்று ஒன்று இருக்கும், அதில் பத்து அல்லது பதினைந்து நிமிடத்துக்கு ஒரு தடவை தட்டி எழுப்பும்படி வைத்தால் சரியாகிவிடும். அவனுக்கும் வைத்துக் கொடுத்தேன். பதிவுகள் சரியான நேரத்துக்கு வந்தன. ஆள் வரவில்லை.

ஏன் வரவில்லை என்பதற்கு அவனுடைய ராமேஸ்வரம் பதிவே போதும். பாம்பன் பாலத்தின் மேல் ரயிலில் கடலைப் பார்த்துக்கொண்டே ராமேஸ்வரத்தில் இறங்கலாம் என்று அழகாக எழுதியிருந்தது. 1914இல் திறந்த அந்தப் பழைய பாலத்தில் 2022 டிசம்பரிலேயே ரயில் போக்குவரத்தை நிறுத்திவிட்டார்கள். மாப்பிள்ளை என்னிடம் வந்தபோது ரயில்கள் ராமநாதபுரத்தோடும் மண்டபத்தோடும் நின்றுகொண்டிருந்தன. வடநாட்டுக் குடும்பங்கள் பெட்டி, படுக்கை, சக்கர நாற்காலியில் ஒரு பாட்டி சகிதம் மண்டபத்தில் இறங்கி, ராமேஸ்வரம் எங்கே என்று கேட்பார்கள். டிக்கெட்டில் போட்டிருந்ததைப் பார்க்காமல், இந்த மாதிரி ஏதோ ஒரு பக்கத்தை நம்பி வந்தவர்களும் அதில் உண்டு. அடுத்த வண்டி பஸ், கூட்டம் வேறு. இயந்திரத்துக்கு இது எதுவும் தெரியாது. அது படித்த பழைய கட்டுரைகளில் எல்லாம் ரயில் பாலத்தின் மேல்தான் போகிறது.

2025 ஏப்ரல் 6 அன்று புதிய பாலம் திறந்தது. அன்றோடு இதுவே தலைகீழானது. அதுவரை 'ரயில் மண்டபம் வரைதான்' என்று சரியாக எழுதியிருந்த பக்கங்கள் எல்லாம் ஒரே நாளில் தப்பாகிவிட்டன. தடைக்காலமும் அப்படித்தான். முன்பு 45 நாளாக இருந்தது, பிறகு 61 நாள் ஆக்கினார்கள். ஆனால் ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதிய பக்கங்களில் இன்னமும் 45 நாள் என்றுதான் கிடக்கிறது.

நான் என் தளத்தைக் கட்டிய விதத்துக்கு இதுதான் காரணம். வாக்கியங்களை நானே எழுதுவேன். மாறக்கூடிய தகவல் வரும் இடத்தில் மட்டும் ஒரு ஓட்டை விட்டுவைப்பேன். அந்த ஓட்டையை நிரப்புவது கூகுள் ஷீட்டில் இருக்கும் ஒரு பட்டியல். ஒவ்வொரு வரிசையிலும் நான்கு கட்டம்: என்ன தகவல், இப்போது என்ன நிலை, யாரிடம் கேட்டது, எந்தத் தேதியில் கேட்டது. 'ராமேஸ்வரம் ரயில் எதுவரை' என்பது ஒரு வரிசை. 'தீர்த்தக் கட்டணம்' ஒரு வரிசை. 'தனுஷ்கோடியிலிருந்து கடைசி பஸ்' ஒரு வரிசை. யாரிடம் கேட்டது என்ற கட்டத்தில் 'பஸ் ஸ்டாண்ட் டைம் கீப்பர்' என்று இருக்கும். புதிய பாலம் திறந்த அன்று நான் மாற்றியது ஒரே ஒரு கட்டம். ரயில் பற்றிப் பேசும் எல்லாப் பக்கமும் சேர்ந்து மாறிவிட்டன. மூன்றாவது கட்டம் காலியாக இருக்கும் தகவலை என் தளம் வெளியிடாது, அப்படித்தான் ஸ்கிரிப்ட், அதாவது ஒரு சின்ன நிரல், எழுதியிருக்கிறேன். திங்கட்கிழமை காலையில் அதே ஸ்கிரிப்ட் பட்டியலை ஒரு சுற்றுச் சுற்றி, தேதி பழசாகிப்போன வரிசைகளை மட்டும் பொறுக்கி என் போனுக்கு அனுப்பும். நான் டீ குடித்துக்கொண்டே நாலு இடத்துக்குப் போன் போட்டுக் கேட்டுவிடுவேன்.

இதற்கு ஏஐ தேவையே இல்லை. கூகுள் ஷீட்டோடு இலவசமாக வரும் ஆப்ஸ் ஸ்கிரிப்ட் போதும். இதுபோக, படங்களின் எடையைக் குறைப்பது, அறுந்த இணைப்புகளைத் தேடுவது, ராத்திரி ஒரு பேக்கப் எடுப்பது, புதுப் பதிவை டெலிகிராமுக்கு அனுப்புவது எல்லாம் தானாக நடக்கின்றன. இதில் எதற்கும் நான் கணக்குப் பார்த்ததில்லை, ஆனால் எல்லாம் சேர்ந்து வாரத்தில் ஒரு நாளையாவது மிச்சம் பிடித்துத் தரும்.

அமாவாசைத் தளத்தில் தேதிகளைக் கணக்குப் போட்டு முன்கூட்டியே நிரப்ப முடியும். அதிலும் ஒரு சிக்கல் உண்டு. திருக்கணிதப் பஞ்சாங்கத்துக்கும் வாக்கியப் பஞ்சாங்கத்துக்கும் திதி தொடங்கும் நேரம் வித்தியாசப்படும். சில மாதங்களில் அந்த வித்தியாசமே நாளை மாற்றிவிடும். குடும்பத்தோடு திருச்சியிலிருந்தோ ஓசூரிலிருந்தோ திதி கொடுக்க வருகிற மனிதர் ஒருநாள் தள்ளி வந்து நின்றால் யார் பதில் சொல்வது? அதனால் ஸ்கிரிப்ட் போட்ட தேதி வரைவாகத்தான் நிற்கும். ஆடி, தை, மகாளய அமாவாசைகளுக்குக் கோயில் அறிவிப்பைப் பார்த்த பிறகுதான் வெளியே விடுவேன்.

இனி கூகுள் பக்கம். ஏஐ எழுதினாலே கூகுள் அதைத் தேடலிலிருந்து நீக்கிவிடும் என்று ஒரு பேச்சு இருக்கிறது. அது அப்படி இல்லை. 2024 மார்ச்சில் அவர்கள் ஸ்பேம் விதிகளை மாற்றியபோது சொன்னது, தேடலில் இடம்பிடிப்பதற்காகவே, படிப்பவருக்குப் பிரயோஜனம் இல்லாத பக்கங்களைக் கொத்துக்கொத்தாக உற்பத்தி செய்தால் நடவடிக்கை என்று. அதை மனிதன் செய்தாலும் சரி, இயந்திரம் செய்தாலும் சரி, இரண்டும் சேர்ந்து செய்தாலும் சரி. காலாவதியான பழைய டொமைனை வாங்கி, அதன் பெயரில் குப்பையை ஏற்றுவதையும் அதே பட்டியலில் சேர்த்தார்கள். இதில் புதுசு ஒன்றும் இல்லை. 2011இல் பாண்டா என்ற மாற்றம் வந்தபோதே அடுத்தவர் சரக்கைத் திருப்பிப் போட்டுப் பிழைத்த தளங்கள் அடிவாங்கின. பத்திரிகைச் செய்தியை இழுத்துப் போடுவதில் பதிப்புரிமைச் சிக்கல் வேறு. உரிமையாளர் ஒரு புகார் அனுப்பினால் அந்தப் பக்கம் தேடலிலிருந்து போய்விடும். ஹோஸ்டிங்காரன் தளத்தையே முடக்கவும் செய்வான்.

தமிழில் எழுதுகிறவர்களுக்கு ஆட்சென்ஸ் 2018 பிப்ரவரியில்தான் முறைப்படி வந்தது. இன்றைக்கும் தமிழ்ப் பக்கத்துக்கு வரும் விளம்பரத்தின் விலை ஆங்கிலத்தை விட நன்றாகவே குறைவு. என் பயணத் தளத்தில் அதே தகவல் ஆங்கிலத்திலும் இருக்கிறது. படிக்க வருகிற கூட்டம் தமிழில் அதிகம், காசு ஆங்கிலத்தில் அதிகம். செலவுப் பக்கம் பார்த்தால் அங்கேயும் தமிழுக்கு அடி. ஏஐ சேவைகள் எழுத்தைத் துண்டு துண்டாக எண்ணிக் காசு வாங்குகின்றன. ஒரே விஷயத்தைத் தமிழில் எழுத வைத்தால் ஆங்கிலத்தை விடத் துண்டுகள் கூடும், பில்லும் கூடும். பிளகினில் ஏஐ சாவியை, அதாவது அந்தச் சேவையோடு இணைக்கும் ரகசிய எண்ணை, போடுகிறவர்கள் மாத உச்சவரம்பு ஒன்றை அங்கேயே வைத்துவிட வேண்டும். மாப்பிள்ளை வைக்கவில்லை. வருமானம் வராத தளத்துக்கு மணிக்கொரு கட்டுரை எழுதி, அவன் அப்பாவின் கார்டில் பில் ஏறிக்கொண்டிருந்தது. ஹோஸ்டிங்கிலும் கண்ணை வைக்க வேண்டும். முதல் வருஷம் சொல்லும் விலையும் புதுப்பிக்கும்போது கேட்கும் விலையும் ஒன்றாக இருக்காது.

ஆட்சென்ஸ் விண்ணப்பம் திரும்பி வரும்போது 'மதிப்புக் குறைந்த உள்ளடக்கம்' என்று ஒரு காரணம் போட்டிருப்பார்கள். இழுத்துப் போட்ட தளங்களுக்குப் பெரும்பாலும் இதே பதில்தான். உடனே இன்னும் நூறு பதிவு ஏற்றினால் சரியாகிவிடும் என்று நினைக்கிறார்கள். ஏறின நூறையும் அழித்துவிட்டு, சொந்தமாக எழுதின பத்துப் பதினைந்தை மட்டும் வைத்து விண்ணப்பித்தவர்களுக்கு அனுமதி கிடைத்ததை நான் கடையிலேயே பார்த்திருக்கிறேன்.

அனுமதி கிடைத்த பிறகு காசு கைக்கு வர இன்னும் சில படிகள் உண்டு. கணக்கில் 10 டாலர் சேர்ந்ததும் முகவரியைச் சரிபார்க்க ஒரு பின் எண்ணைத் தபாலில் அனுப்புவார்கள். நம் ஊர் முகவரிகள், 'சர்ச் பின்புறம்', 'ஐஸ் கம்பெனி எதிரே' என்று இருக்கும். அதை அப்படியே போட்டு, பின்கோடையும் தப்பாகப் போட்டுவிட்டால் கடிதம் எங்கோ சுற்றிக்கொண்டிருக்கும். தபால்காரரிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். பெயர் பாஸ்புக்கில் உள்ளபடியே இருக்க வேண்டும். இனிஷியல் முன்னால் இருக்கிறதா பின்னால் இருக்கிறதா என்பது உட்பட. வெளிநாட்டுப் பணம் வருவதற்கு ஸ்விஃப்ட் எண் கேட்பார்கள். எங்கள் ஊர்க் கிளைகள் மாதிரி சின்னக் கிளைகளுக்குப் பெரும்பாலும் அது தனியாக இருக்காது. அந்த வங்கியின் எந்தப் பெரிய கிளை வழியாக வரும் என்று கேட்டு அதன் எண்ணைப் போட வேண்டும். கவுண்டரில் இருப்பவருக்கே தெரியாமல் போகலாம், மேனேஜரிடம் கேளுங்கள். 100 டாலர் சேர்ந்த பிறகுதான் பணம் அனுப்புவார்கள், அதுவும் அடுத்த மாதம் 21க்கும் 26க்கும் நடுவில். சின்னத் தளத்துக்கு அந்த முதல் நூறு சேரவே மாதக்கணக்கில் ஆகும். வந்த பணம் வருமானம்தான். வெளிநாட்டிலிருந்து வந்ததால் வரிக் கணக்கில் காட்ட வேண்டாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

இன்னொன்று, சொந்தக்காரர்கள். இதைச் சிரிப்புக்குச் சொல்லவில்லை. ஒருவர் தளத்தில் விளம்பரம் வரத் தொடங்கியதும் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் சேதி பரவும். சவூதியில் இருக்கும் மச்சான், குவைத்தில் இருக்கும் சின்ன மாமா என்று ஆளாளுக்குப் பாசத்தில் விளம்பரத்தைத் தட்டித் தள்ளிவிடுவார்கள். கூகுளுக்கு அது முறைகேடான கிளிக். வருமானத்தைக் கழித்துக்கொள்வார்கள், மிஞ்சினால் கணக்கையே மூடிவிடுவார்கள். மூடின கணக்கைத் திரும்ப வாங்குவது லேசுப்பட்ட காரியம் இல்லை. 'நீ என்னுடையதைத் தட்டு, நான் உன்னுடையதைத் தட்டுகிறேன்' என்று நடக்கும் குழுக்களுக்கும் இதே கதிதான். நான் வீட்டில் எல்லோரிடமும் சொல்லிவிட்டேன், என் தளத்தைப் படிக்க வேண்டும் என்றால் படியுங்கள், விளம்பரத்தின் பக்கம் விரலைக் கொண்டுபோகாதீர்கள் என்று. அம்மாவுக்கு அது இன்னும் புரியவில்லை. "அவனே தட்டச் சொல்லித்தானே போட்டிருக்கான்?" என்கிறார்.

சரி, என்ன எழுதினால் ஆள் வருகிறது? ஆடி அமாவாசை எந்தத் தேதி என்ற பக்கம் ஒரு காலத்தில் கொட்டோ கொட்டென்று கொட்டியது. இப்போது தேடினால் பதில் தேடல் பக்கத்தின் உச்சியிலேயே வந்துவிடுகிறது. கூகுளின் ஏஐ சுருக்கம் 2024 ஆகஸ்டில் இந்தியாவுக்கு வந்தபிறகு, ஒற்றை வரியில் பதில் சொல்லக்கூடிய கேள்விகளை நம்பிப் பிரயோஜனம் இல்லை. ஆட்டோ பிளாக் எழுதுவதெல்லாம் அந்த ரகக் கேள்விகளுக்குத்தான் என்பது இன்னொரு விஷயம்.

என்னிடம் சரியாமல் நிற்கும் பக்கம், ராமேஸ்வரம் கோயிலின் 22 தீர்த்தம் ஆடுவது பற்றியது. அதன் வரலாறு, மகிமை எல்லாம் ஆயிரம் இடத்தில் இருக்கிறது. நான் எழுதியது வேறு. அக்னி தீர்த்தக் கடலில் முங்கிவிட்டு ஈரத்தோடு கோயிலுக்குள் வரும்போது செல்போனையும் பணத்தையும் யாரிடம் கொடுப்பது; வாளியில் இறைத்து ஊற்றும்போது கல்தரை எங்கே வழுக்கும்; மூட்டு வலிக்காரர்கள் எந்த இடத்தில் சுவரைப் பிடித்துக்கொள்ளலாம்; ஈரத்துணியோடு சாமி பார்க்கப் போக முடியாது என்பதால் மாற்றுத்துணியை எதில் சுற்றி எடுத்துவருவது; பெண்கள் துணி மாற்ற வரிசை எவ்வளவு நீளும். என் பெரியம்மாவை ஒரு தடவை கூட்டிக்கொண்டு போனபோது கண்ணால் பார்த்தவை. அந்தப் பக்கத்தை நான் திருத்துவதே அபூர்வம். கட்டண வரிசையை மட்டும் ஷீட் பார்த்துக்கொள்கிறது. சும்மா இருந்தாலும் வரும் வருமானம் என்று சொல்கிறார்களே, அதற்கு என் அனுபவத்தில் ஆகக் கிட்டத்தில் வருவது இதுதான்.

விளம்பரத்தை விட நல்ல காசு வந்த இடம் ஒன்றும் உண்டு. பாம்பனில் கருவாடு போடும் ஒரு அக்காவுக்காக, நல்ல நெத்திலிக் கருவாட்டை எப்படிப் பார்த்து வாங்குவது என்று ஒரு பக்கம் எழுதினேன். மணலில் காயப்போட்டதற்கும் பரண் கட்டி வலைமேல் காயப்போட்டதற்கும் வித்தியாசம், உப்பு பூத்திருந்தால் என்ன அர்த்தம், மஞ்சள் தட்டினால் ஏன் வாங்கக் கூடாது, விரலால் ஒடித்தால் எப்படி ஒடிய வேண்டும் என்று அந்த அக்கா சொல்லச் சொல்ல எழுதியது. கீழே வாட்ஸ்அப் பொத்தான். ஆர்டர் வந்தால் பெயர், முகவரி, எடை எல்லாம் தானாக ஷீட்டில் ஏறி, கூரியர் சீட்டு அச்சாகிவிடும். எனக்கு விற்பனையில் ஒரு பங்கு. உணவுப் பொருள் என்பதால் உணவுப் பாதுகாப்புக்கான எஃப்எஸ்எஸ்ஏஐ பதிவு இல்லாமல் இதில் இறங்கக் கூடாது. நாங்கள் அதை முடித்துவிட்டுத்தான் பொத்தானையே வைத்தோம். மழைக்காலத்தில் கருவாடு காயாது, அப்போது அந்தப் பொத்தான் தானாக மறைந்து 'தை மாதம் வரும்' என்று காட்டும்.

மாப்பிள்ளையின் தளத்தையும் அந்த வழிக்கே திருப்பினோம். கனடாக் கடன், ஏர் ஃபிரையர் எல்லாவற்றையும் அழித்தாயிற்று. அவன் அப்பா நாட்டுப்படகு இன்ஜின் பார்ப்பவர். எழுத உட்கார மாட்டார், பேசினால் நிறுத்த மாட்டார். உப்புத்தண்ணீர் ஏறின இன்ஜினை முதல் ஒரு மணி நேரத்தில் என்ன செய்ய வேண்டும் என்று அவர் வேலை பார்த்துக்கொண்டே சொல்வதைப் போனில் பதிவு செய்கிறான். அதை எழுத்தாக்குவது இயந்திரம். அது 'நாசில்' என்று அவர் சொன்னதை வேறு எதுவாகவோ எழுதிவைக்கும், ஊர்ப் பேச்சில் பாதியை விழுங்கிவிடும். உட்கார்ந்து திருத்துவது அவன். அவன் போடும் படங்களில் கிரீஸ் படிந்த விரல்கள் தெரிகின்றன, எங்கிருந்தும் இழுத்த படம் இல்லை என்பது பார்த்தாலே தெரியும். தூத்துக்குடியிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் சந்தேகம் கேட்டு அழைப்பு வருகிறது. ஆட்சென்ஸுக்கு இன்னும் விண்ணப்பிக்கவில்லை, இன்னும் கொஞ்சம் பக்கங்கள் சேரட்டும் என்று சொல்லியிருக்கிறேன்.

மாசம் எவ்வளவு வரும் என்ற கேள்விக்கு என் பதில் எப்போதும் ஒன்றுதான்: எந்த மாசம் என்று சொல்லுங்கள். ஆடியிலும், மகாளய பட்சத்திலும், தையிலும், பள்ளிக்கூட லீவிலும் இரண்டு தளமும் சேர்ந்து கடை வாடகையைத் தாண்டிப் போகும். ஐப்பசி, கார்த்திகையில் பாம்பன் துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றினார்கள் என்று டிவியில் சொன்னால் போதும், வரவு அப்படியே சரிந்து நெட் பில்லுக்குத்தான் ஆகும். இதை நம்பிக் கடன் வாங்குகிறேன், வேலையை விடுகிறேன் என்று வருகிறவர்களுக்கு நான் தளம் போட்டுக் கொடுப்பதில்லை.

நான் மறுத்த இன்னொரு வேலையும் உண்டு. எங்கள் சித்தப்பா நாட்டுப்படகுக்காரர். கடல் எச்சரிக்கையை எல்லாம் ஒரே பக்கத்தில் தமிழில் தானாக வருகிற மாதிரி செய்துகொடு, எல்லாரும் பார்ப்பார்கள், உனக்கும் விளம்பரக் காசு வரும் என்றார். யோசனை நல்ல யோசனைதான், ஆளும் கட்டாயம் வரும். வானிலை ஆய்வு மையம் எச்சரிக்கை வெளியிடுகிறது. ஹைதராபாத்தில் இருக்கும் இன்காய்ஸ் நிறுவனம் அலை உயரம், கடல் நீரோட்டம், மீன் கூடும் இடம் எல்லாம் தருகிறது. இழுப்பது கஷ்டமே இல்லை.

எங்கே இடிக்கிறது என்றால், மண்டபத்துக்கு இரண்டு கடல். வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. தெற்கே காற்று தூக்கி அடிக்கும் நாளில் வடக்கே குளம் மாதிரி கிடக்கும், அடுத்த பருவத்தில் இது அப்படியே மாறும். சோதனைக்கு ஒரு அறிக்கையை ஏஐயிடம் கொடுத்துச் சுருக்கச் சொன்னேன். 'ராமநாதபுரம் கடல் பகுதியில் பலத்த காற்று, மீனவர்கள் கவனம்' என்று ஒரே வரியாக்கி, எந்தக் கடல், எந்தத் தேதி வரை என்ற இரண்டையும் தின்றுவிட்டது. அதைச் சரிக்கட்டினாலும் வேகத்துக்காகத் தளம் பழைய நகலைச் சில மணி நேரம் வைத்திருக்கும். அதையும் நிறுத்தினாலும், கரையில் திறந்த பக்கம் சிக்னல் போன பிறகு போனில் அப்படியே நிற்கும். நடுக்கடலில் அதைப் பார்க்கிறவருக்கு அது நேற்றையதா இன்றையதா என்று தெரியாது. தீர்த்தக் கட்டணம் தப்பாக இருந்தால் ஒருவர் என்னைத் திட்டுவார். இது அந்தக் கணக்கு இல்லை.

சித்தப்பாவுக்குக் கோபம். "அப்ப என்னத்துக்குடா இவ்வளவு கம்ப்யூட்டர வாங்கிப் போட்ருக்க?" என்று கேட்டுவிட்டுப் போனார். பிறகு அவருக்காக ஒரு சின்னப் பக்கம் மட்டும் செய்து வைத்தேன். வானிலை மையத்தின் அறிக்கைக்கு ஒரு இணைப்பு, இன்காய்ஸுக்கு ஒன்று. கடலோரக் காவல்படையின் 1554, கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் 1093, இரண்டு எண்களும் பெரிய எழுத்தில். தானாக வருவது எதுவும் அதில் இல்லை, விளம்பரமும் போடவில்லை.